விருந்துக்கு ஒரு காஸ்டிங் ஷீட்

நம் காசைக் கேட்டு வருகிறவருக்குக் காப்பி கொடுக்கும் கடமை ஒரு காலத்தில் நம்முடையதாக இருந்தது. எண்பதுகளில், திருப்பூர் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் சைக்கிளில் வருவார். பகலில் வாத்தியார் வேலை. ஏஜென்சி சம்சாரத்தின் பேரில், அலைச்சல் மட்டும் இவருடையது. அம்மா காப்பி கொண்டுவந்து வைப்பாள். "உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா..." என்று அவர் ஆரம்பித்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்புறம்தான் உண்மையான பேச்சு. முதல் வருஷப் பிரீமியத்தில் ஏஜென்டுக்குக் கிடைக்கும் கமிஷன், போனஸ் கமிஷனையும் சேர்த்தால் 35 சதவீதம் வரை போகும். அதில் நமக்கு எவ்வளவு திருப்பித் தருவார் என்பதுதான் பேரம். அப்படிக் கொடுப்பது 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி குற்றம். அந்தப் பிரிவை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சடித்திருப்பார்கள். ஊரில் பாதிப் பேர் அதன்மேல் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டுதான் பேரம் பேசினார்கள்.

அஞ்சலகம் அதைவிட மேல். 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தது. போட்ட பணம் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பு. இன்றைக்கு யாராவது அப்படி ஒரு திட்டத்தை வைத்திருந்தால் யானை மேல் ஏறி முரசு அறைவார்கள். எங்கள் தலைமை அஞ்சலகத்தில் அதற்கு நடந்த வரவேற்பு, வரிசையில் முக்கால் மணி நேரம், நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா, ஈ விழுந்த பசை டப்பா. "போய் சில்லறை மாத்திட்டு வாய்யா" என்பார் கவுண்டரில் இருப்பவர். பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறவருக்கு நம்மிடம் எந்த மரியாதையும் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

இப்போது எனக்கு அறுபத்தாறு. பனியன் கம்பெனியில் கணக்கெழுத ஆரம்பித்து, எக்ஸ்போர்ட் வந்த பிறகு காஸ்டிங் பார்த்து, மேனேஜர் என்ற பட்டத்தோடு வெளியே வந்தவன். பி.எஃப். பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. இ.பி.எஸ். பென்ஷன் மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வருகிறது. இந்த இரண்டில் பென்ஷனைப் பற்றி என் வீட்டாரைத் தவிர யாரும் கவலைப்படவில்லை. மொத்தப் பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அதிலும் முகம் தெரியாத பெண் பிள்ளைகள் போன் செய்து, "அங்கிள், உங்க ரிட்டயர்மென்ட் லைஃப் எப்படிப் போகுதுங்க?" என்று கேட்கிறார்கள். பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. நம்பர் எப்படிக் கிடைத்தது என்றால், ஜவுளிக்கடையில் புடவை எடுத்தபோது குலுக்கல் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டோமே, அங்கிருந்து.

அழைப்பு எப்போதும் ஜோடியாகத்தான். "ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க, கட்டாயம்." இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. தனியாக வருகிற ஆண், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவான். வீட்டையே கூட்டிவரச் சொல்லிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டது.

அவிநாசி சாலையில் ஒரு பெரிய ஹோட்டல். நாற்காலிகளுக்குச் சட்டை போட்டு முதுகில் முடிச்சு கட்டியிருப்பார்கள். கையில் ஊதா நிறத்தில் ஏதோ ஒரு பானம். சுவரோரம் சாப்பாட்டு மேஜைகள், மூடிய பாத்திரங்கள், அடியில் சின்னதாக எரியும் நெருப்பு. மூடியைத் திறக்க மாட்டார்கள். கோபி மஞ்சூரியன் வாசனை மட்டும் வரும். ஒரு படிவம் தருவார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால்தான் சாப்பாட்டுக் கூப்பன். படிவத்தில் பெயர், வயது, பிள்ளைகள் எங்கே, சொந்த வீடா, வங்கி டெபாசிட் எவ்வளவு, எப்போது முதிர்கிறது. வருமான வரிக்காரர்கூட இந்தக் கேள்விகளை இவ்வளவு அன்பாகக் கேட்டதில்லை.

மனிதர்கள் ஏன் போகிறார்கள் என்று என்னைக் கேட்டால், பேராசை என்று சொல்ல மாட்டேன். பையன் பெங்களூரு, பெண் மெல்போர்ன். வீட்டில் இரண்டு பேருக்கு ரசம் வைத்து ராத்திரிக்கும் அதையே சுடவைத்துச் சாப்பிடுகிற வாழ்க்கை. பட்டுப்புடவைக்கும் ஒரு வேலை வேண்டும். மின்வாரியத்தில் ரிட்டயரானவர், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, நிலத்தை சைட் போட்டு விற்ற காங்கேயம் பக்கத்து விவசாயி, பேங்க் மேனேஜராக இருந்தவர் என்று பழகின முகங்கள். மொய் எழுத வேண்டாத கல்யாணம் அது. அந்த மேனேஜர் நன்றாகச் சாப்பிடுவார், எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். "நான் வித்ததுதானுங்க இதெல்லாம்" என்பார்.

பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டிக் கண் மங்கிப்போன டெய்லரை இங்கே நான் பார்த்ததில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைத்தவருக்குப் பல கம்பெனிகளில் பி.எஃப். என்ற எழுத்தே கிடையாது. மொத்தமாக எதுவும் கைக்கு வராதவரின் ஓய்வுக் காலத்தைப் பற்றி யாருக்கும் ஊதாப் பானம் ஊற்றத் தோன்றவில்லை.

என் தொழில் புத்தி எங்கே போனாலும் கூட வரும். ஒரு டி-ஷர்ட் என்றால் நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, டையிங், காம்பாக்டிங், கட்டிங்கில் போகிற கழிவு, தையல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, ரிஜெக்‌ஷன், பையிங் ஏஜென்ட் கமிஷன், கடைசி வரியில் 'இதர செலவுகள்'. முப்பது வருஷம் இதைப் போட்டவனுக்கு ஒரு விருந்துக்குக் காஸ்டிங் போட எவ்வளவு நேரம் ஆகும்? பேச்சாளர் பணவீக்கத்தைப் பற்றிப் படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பேப்பர் நாப்கினில் போட்டுவிட்டேன். நாற்பது ஜோடி, எண்பது பிளேட். பிளேட்டுக்கு 750 என்றால் 60,000. ஹால், புரொஜெக்டர், போகும்போது கையில் தருகிற ஹாட் பாக்ஸ் என்று ஒரு 20,000. ஆக 80,000. நாலு ஜோடி மட்டும் வருஷம் லட்ச ரூபாய் பிரீமியத்துக்குக் கையெழுத்துப் போட்டால், முதல் வருஷக் கமிஷனை 30 சதவீதம் என்று வைத்தாலும் 1,20,000. நாங்கள் நூற்றுக்கு மூன்று ரிஜெக்‌ஷன் வைத்துக் கணக்குப் போட்டு, அது நாலானால் ராத்திரித் தூக்கம் கெடும். இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு ரிஜெக்‌ஷன் வைத்தும் லாபம் நிற்கிறது! தப்பான தொழிலில் இருந்துவிட்டோம்.

இன்னொன்றும் அந்த நாப்கினில் தெரிந்தது. இந்த ஷீட்டில் நான் பையர் இல்லை. நான்தான் துணி.

பந்தி பரிமாறிக் காரியம் சாதிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து திருப்பூரின் எக்ஸ்போர்ட் கதையை ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் வந்த வெள்ளைக்காரர்களுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்று தெரியாமல் இந்த ஊர் பட்ட பாடு தனிக் கதை. பையர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஷிப்மென்டுக்கு முன்னால் சரக்கின் தரம் பார்க்க வருகிறவர் க்யூசி. அவர் கையில்தான் எங்கள் உயிர். கார்ட்டன்களில் பத்து இருபதை அவர் இஷ்டத்துக்கு எடுத்து உடைப்பார். பீஸைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, உடம்பு ஒரு ஷேடு கை ஒரு ஷேடு. பன்னிரண்டு மணிக்கு நான் மெல்லப் போய், "சார், பிரியாணி சொல்லியிருக்கு" என்பேன். சாப்பிட்டு வந்த கண்ணுக்கு ஷேடு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அந்தப் பிரியாணி 'இதர செலவுகள்' வரியில் பீஸுக்கு இத்தனை காசு என்று ஏறி, கடைசியில் ஜெர்மனியில் டி-ஷர்ட் வாங்குகிறவர் தலையில் விடிந்தது.

சென்னையிலிருந்து ஒருவர் மட்டும் தயிர் சாதத்தை டிபன் பாக்ஸில் கொண்டுவருவார். எங்கள் கம்பெனியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவர் வருகிறார் என்றால் கட்டிங் மாஸ்டரே இரண்டு நாள் முன்னால் கோயிலுக்குப் போய்வருவார். லாட்டையே ஃபெயில் செய்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனவர் அவர். சாப்பிட்ட வீட்டில் குறை சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. அது தெரிந்துதான் அவர் சாப்பிடவில்லை. அது தெரிந்துதான் நாங்களும் சொல்லிவைத்தோம்.

2007-ல் ஒரு சனிக்கிழமை, எங்கள் முதலாளியையே இப்படி ஒரு ஹாலுக்கு அழைத்தார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். டாலர் 39 ரூபாய்க்கு இறங்கிவிட்ட நேரம். 44, 45 என்று நினைத்து ஆர்டர் எடுத்தவர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். டை கட்டிய பையன்கள், திரையில் அம்புக்குறிகள். டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையே ஒரு ஒப்பந்தம். பிராங்க் இந்த எல்லையைத் தொடாதவரை மாதாமாதம் லாபம். தொடவே தொடாது, சரித்திரத்திலேயே தொட்டதில்லை. முதலாளி எட்டாவது வரை படித்தவர். என் காதருகே குனிந்து, "நாம சுவிஸ்ஸுக்கு ஒரு பனியனாவது அனுப்பிச்சிருக்கமா?" என்றார். இல்லீங்க என்றேன். "அப்புறம் அவனோட காசு ஏறினா என்ன, இறங்குனா என்ன நமக்கு?" சம்பள நாளில் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டு வந்துவிட்டார்.

2008 மார்ச்சில் சுவிஸ் பிராங்க் தொடவே தொடாத இடத்தைத் தொட்டது. டாலரையே தாண்டியது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு வருஷ லாபம் போனவர்கள் உண்டு, ஃபேக்டரியே ஆட்டம் கண்டவர்களும் உண்டு. வழக்குகள் நடந்தன. 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இந்த டெரிவேட்டிவ் வியாபாரத்தில் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் 5 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை. விருந்து பில்லே அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

அதே 2007-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமும் அதன் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். முதியவர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டு நிதி பற்றிப் 'பாடம்' நடத்திய 110 நிறுவனங்களைப் போய்ச் சோதித்து அறிக்கை வெளியிட்டார்கள். விற்பனை இல்லை, கல்வி மட்டுமே என்று அழைத்திருந்தவை உட்பட எல்லாமே விற்பனைக் கூட்டங்கள். பாதி இடங்களில் மிகைப்படுத்திய வாக்குறுதிகள். 13 சதவீதத்தில் மோசடிக்கான அறிகுறிகள். அங்கே கோழியும் உருளைக்கிழங்கும், இங்கே பன்னீரும் நாணும்.

சாப்பாடுகூடப் போடாமல், வட்டியையே இலை போட்டுப் பரிமாறியவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லித் திருப்பூரில் கடை விரித்த பாசி நிறுவனம் 2009-ல் கவிழ்ந்தது. சுமார் 930 கோடி ரூபாய். உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்து, 2022 ஆகஸ்ட்டில்தான் கோவைத் தனி நீதிமன்றத்தில் 27 வருஷச் சிறைத் தண்டனை வந்தது. அதற்குள் பெருந்துறையில் சுசி ஈமு கோழிப் பண்ணை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், மாதாமாதம் பணம். 2012-ல் அதுவும் போயிற்று. அநாதையாக நின்ற ஈமுக்களுக்குத் தீவனம் போடும் வேலை அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

இதையெல்லாம் இப்போது எடுத்துச் சொல்கிறவர்கள் யாரென்றால், விருந்து போடுகிறவர்கள்தான். பேச்சாளர் மைக்கைப் பிடித்ததும் பாசியையும் ஈமுவையும் திரையில் காட்டுகிறார். ஹால் முழுக்க உச் கொட்டுகிறது. "நாங்க அப்படி இல்லீங்க. நாங்க ரெகுலேட்டட்." உண்மைதான். திருடன் கதையைச் சொல்லிப் பூட்டு விற்பதில் தப்பில்லை. பூட்டின் விலையைத்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு விற்ற பூட்டு இது. வருஷா வருஷம் லட்ச ரூபாயாகப் பத்து வருஷம் கட்ட வேண்டும். அப்புறம் சும்மா இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வருஷ முடிவிலிருந்து வருஷம் இரண்டு லட்சமாகப் பத்து வருஷம் வரும். "போட்டது பத்து, வர்றது இருபது! டபுள்! கேரண்டீட்!" கைதட்டல். நான் நாப்கினைத் திருப்பிப் போட்டேன். வட்டி ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. கடைசித் தவணையை நான் வாங்கும்போது எனக்கு எண்பத்தேழு. ஐந்தரை வருஷத்து இரட்டிப்பை நூல் கட்டிய பேனாவில் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். இந்த இரட்டிப்புக்குப் பலூன் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி நேரத்தில் எழுந்து, அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் தருகிறார்களே, 2023 ஏப்ரலிலிருந்து முப்பது லட்சம் வரை போடலாமே, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கையில் வருகிறதே என்று கேட்டேன். பேச்சாளர் சிரித்தார். "நல்ல ஸ்கீம்தான் சார். ஆனா டாக்ஸ் இருக்கே." வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இருந்தால் நான் ஏன் சார் கூப்பனுக்கு நிற்கிறேன்? இதைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பேங்க் மேனேஜர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "அதுல ஏஜென்டுக்கு அரை சதவீதம் கமிஷன் இருந்துச்சு. 2011 டிசம்பர்ல அதையும் எடுத்துட்டாங்க. யாருங்க உங்களுக்கு அதுக்குப் பன்னீர் பட்டர் மசாலா போடுவாங்க?" அரசாங்கத்தின் பேரில் ஒரு வடைகூடக் கிடைக்காததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. மியூச்சுவல் ஃபண்டுக்காரர்கள் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டத்தில் சமோசாவும் டீயும் உண்டு. சொத்தில் 0.02 சதவீதத்தை அதற்கு ஒதுக்கச் சொல்லி 2012-ல் செபி உத்தரவு போட்டது. அந்தப் பணம் நம் ஃபண்டிலிருந்தே போகிறது. எனவே அந்தச் சமோசாவை நான் கூச்சமில்லாமல் இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறேன்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, இந்த ஊரில் பையர் பார்ட்டிகள் நின்றுபோயின. ஆர்டர் போட்டவன் போனை எடுக்கவில்லை. விருந்து வைக்க ஆள் எங்கே? அந்த மாதங்களிலும் அவிநாசி சாலை ஹாலில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே நாங்கள் இருந்தோம்.

மூடி திறந்த பிறகு, ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பையன் வந்து உட்காருவான். எங்கள் மேஜைக்கு வந்தவனுக்கு இருபத்தைந்து இருக்கும். ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று அட்டையில் போட்டிருந்தது. கையில் டேப், அதில் என் பெயர் ஏற்கெனவே நிரப்பிய படிவம். நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு, "ஐயா, ஒரே ஒரு ஓடிபி வரும், சொன்னீங்கன்னா போதுங்க" என்றான். வீட்டுக்காரி கண்ணில் அவன் பார்வைதான் பட்டது.

"ஏன் கண்ணு, நீ சாப்பிடலையா?"

"கெஸ்ட் எல்லாம் போனப்புறந்தானுங்கம்மா எங்களுக்கு."

"அப்பா என்ன பண்றாரு?"

"பேட்லாக் டெய்லருங்க. இப்ப முடியல, வீட்டுல இருக்காருங்க."

அவள் குலாப் ஜாமூனை அவன் பக்கம் நகர்த்தினாள். சூப்பர்வைசர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். நான் இந்த இடைவெளியில் கேட்டுவிட்டேன்: "தம்பி, நீ இந்தத் திட்டத்துல போட்டிருக்கியா?"

விழுங்கிவிட்டுச் சொன்னான். "டார்கெட்டுக்காக ஒண்ணு போட்டேனுங்க. ரெண்டாவது வருஷம் கட்ட முடியல, விட்டுட்டேன். இப்ப எங்க லைன்ல ஒரு அக்கா ஏலச்சீட்டு புடிக்கிறாங்க. அதுல மாசம் அஞ்சாயிரம் கட்டறேனுங்க."

வீட்டுக்காரி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எத்தனை பேரு சீட்டு? கசர் எவ்வளவு வருது?"